நாய்க்குப் பட்டம்! பரீட்சை யாருக்கு?

பி.ஏ. படித்தவர்கள் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக்கொள்கிறார்கள். எம்.ஏ. படித்தவர்கள் எம்.ஏ. என்று போட்டுக்கொள்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் பட்டம் அச்சாகாமல் போனால், சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொள்வதும் உண்டு.

நாய்க்கும் பட்டம் உண்டு என்றால் நம்புவீர்களா?

உண்டு. அமெரிக்காவில் நாய்களுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கிறார்கள். இன்று நேற்று அல்ல, 1936-ம் ஆண்டு முதல் கொடுத்து வருகிறார்கள். கொடுப்பது "அமெரிக்கன் கென்னல் கிளப்" என்ற சங்கம். இது அழகுப் போட்டி அல்ல. அது வேறு. இது சொன்ன சொல் கேட்பதற்கு உரிய பட்டம்.

முதல் பட்டம் "சி.டி." துணைக்கு ஏற்ற நாய் என்று பொருள். அடுத்தது "சி.டி.எக்ஸ்." அதைவிடக் கடினமானது. அதற்கும் மேலே "யு.டி." காரியத்துக்கு உதவும் நாய் என்று பொருள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பட்டத்தை 1977-ல் ஏற்படுத்தினார்கள். அது "ஓ.டி.சி.எச்." கீழ்ப்படிதலில் சாம்பியன்! மற்றப் பட்டங்களை நாயின் பெயருக்குப் பின்னால் போடுவார்கள். இதை மட்டும் டாக்டர் பட்டம் போலப் பெயருக்கு முன்னால் போடுவார்கள்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அந்தப் பரீட்சையின் விதிகளைப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன்.

200 மார்க்

மொத்தம் 200 மார்க். தேறுவதற்கு 170 வேண்டும். அது மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்திலும் பாதிக்கு மேல் வாங்கி இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் 35 மார்க் வாங்கினால் தேறிவிடுகிறார்கள். நாய்க்கு அந்தச் சலுகை இல்லை!

ஒரு தடவை தேறினாலும் பட்டம் கிடையாது. மூன்று தடவை தேற வேண்டும். மூன்று தடவையும் ஒரே நடுவர் மார்க் போடக் கூடாது. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வரக் கூடாது அல்லவா?

முதல் பரீட்சையில் என்ன பாடம்?

எஜமானர் நடப்பார். நாய் அவருடைய இடது காலை ஒட்டி நடக்க வேண்டும். அவர் வேகமாகப் போனால் அதுவும் வேகமாகப் போக வேண்டும். மெதுவாகப் போனால் மெதுவாகப் போக வேண்டும். அவர் நின்றால், சொல்லாமலே உட்கார வேண்டும். இரண்டு ஆட்களை நிறுத்தி, அவர்களைச் சுற்றி எட்டுப் போட்டது போல நடக்க வேண்டும். கழுத்தில் வாரோடு நடப்பதற்கு 40 மார்க். வாரை அவிழ்த்துவிட்டு நடப்பதற்கு 40 மார்க்.

பிறகு நாய் நிற்கும். முன்பின் தெரியாத நடுவர் வந்து அதன் தலையையும் முதுகையும் தொட்டுப் பார்ப்பார். அது காலை நகர்த்தக் கூடாது. பயந்து ஒடுங்கக் கூடாது. உறுமவே கூடாது. இதற்கு 30 மார்க்.

பிறகு நாயை ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டு எஜமானர் எதிர்ப் பக்கம் போய் நிற்பார். ஒரே ஒரு தடவை கூப்பிடுவார். நாய் நேராக ஓடி வந்து, அவருக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார வேண்டும். இதற்கும் 30 மார்க். மிச்சம் உள்ள 60 மார்க்கும் சொன்ன இடத்தில் அசையாமல் இருப்பதற்கு.

கோணலாக உட்கார்ந்தால் அரை மார்க் போச்சு. ஒரு சாண் பின்தங்கினால் அரை மார்க் போச்சு!

அடுத்த பரீட்சையில் நாய் ஓடி வரும்போதே பாதி வழியில் படுக்கச் சொல்வார்கள். சொன்ன இடத்தில் பொத்தென்று படுக்க வேண்டும். மரக் கட்டையை வீசி எறிந்து கவ்வி வரச் சொல்வார்கள். வேலியைத் தாண்டிப் போய்க் கவ்வி, திரும்பவும் தாண்டி வர வேண்டும்.

மேல் பரீட்சையில் ஒரு பாடம் இருக்கிறது. அதைப் படித்தபோது நான் அசந்துவிட்டேன்.

தோலால் செய்த சாமான்கள் ஐந்து. உலோகத்தால் செய்தவை ஐந்து. ஐந்தும் ஐந்தும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். எஜமானர் ஒன்றை மட்டும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் கொடுப்பார். நடுவர் அதைக் குவியலோடு கொண்டு போய் வைப்பார். அப்போது எஜமானரும் நாயும் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. பிறகு திரும்பி, போ என்பார். நாய் போய் ஒவ்வொன்றாக முகர்ந்து, எஜமானர் கை பட்டதை மட்டும் கவ்விக்கொண்டு வர வேண்டும்! தோலில் ஒரு தடவை, உலோகத்தில் ஒரு தடவை.

இன்னொரு பாடத்தில் வாயே திறக்கக் கூடாது. நட, நில், படு, உட்கார், வா எல்லாம் கைச் சாடைதான்.

முன்பு வேறு ஒரு பாடமும் இருந்தது. நாய்களை வரிசையாக உட்கார வைத்துவிட்டு, எஜமானர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுவார்கள். 3 நிமிஷம் உட்கார்ந்து இருக்க வேண்டும். 5 நிமிஷம் படுத்து இருக்க வேண்டும். வரிசையில் ஒரு முரட்டு நாய் எழுந்து பாய்ந்தால் பக்கத்து நாயின் கதி என்ன? 2018-ல் இந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் செய்தார்கள்.

திடலுக்குள் தின்பண்டம் கொண்டு போகக் கூடாது. நாயைத் தொட்டுத் திருத்தக் கூடாது. அடித்தால் வெளியே போக வேண்டியதுதான்.

இப்போது சொல்லுங்கள். இது சர்க்கஸ் வித்தையா?

ஒரு சீமாட்டியின் கோபம்

இந்தப் பரீட்சை எப்படிப் பிறந்தது? ஒரு கேலிப் பேச்சில் பிறந்தது.

அந்த அம்மையாரின் பெயர் ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர். நியூயார்க்குக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர். "பூடில்" என்ற சடை நாய்களை வளர்த்தார். இந்த நாயின் மயிரை அங்கங்கே மழித்து, அங்கங்கே பந்து போல விட்டு அலங்காரம் செய்வார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "இது சீமாட்டிகள் மடியில் உட்காருகிற பொம்மை நாய். இதற்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள்.

உண்மையில் பூடில் ஒரு வேட்டை நாய். சுட்டு விழுத்திய வாத்தைத் தண்ணீரில் நீந்திப் போய்க் கவ்வி வந்த சாதி. அம்மையாருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவர் யாரோடும் சண்டை போடவில்லை. பரீட்சை வைத்துவிட்டார்!

இங்கிலாந்தில் போலீஸ் நாய்களுக்கும் மந்தை நாய்களுக்கும் சோதனை நடப்பது உண்டு. அதைப் பார்த்து ஒரு திட்டம் போட்டார். 1933-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மவுண்ட் கிஸ்கோ என்ற ஊரில் முதல் போட்டி நடந்தது. வந்த நாய்கள் எத்தனை தெரியுமா? எட்டு!

மூன்று ஆண்டுகளில் சங்கம் அந்தப் பரீட்சையை ஏற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1937-ல், அம்மையார் காருக்குப் பின்னால் ஒரு வீட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார். கூடப் போனவர் அவருடைய உதவியாளர் பிளாஞ்ச் சாண்டர்ஸ் என்ற பெண்மணி. மூன்று பூடில் நாய்களும் போயின. இரண்டு பெண்கள், மூன்று நாய்கள், 10,000 மைல்! போகிற ஊரில் எல்லாம் நாய்களை வைத்து நடத்திக் காட்டினார்கள்.

சாண்டர்ஸ் பிறகு பெரிய பயிற்சியாளர் ஆனார். 1946-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயரைத் தமிழில் சொன்னால், "உங்கள் நாயைப் பழக்க உங்களைப் பழக்குதல்."

இந்தப் பெயரை இன்னொரு தடவை படியுங்கள். நான் சொல்ல வந்தது எல்லாம் அதில் இருக்கிறது. பட்டம் நாய்க்கு. பரீட்சை மனிதனுக்கு!

குதிரை போட்ட கணக்கு

இது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. காரணம் உண்டு.

100 ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் ஒரு குதிரை இருந்தது. அதன் பெயர் ஹான்ஸ். கணக்குக் கேட்டால் காலால் தரையைத் தட்டி விடை சொல்லும். ஏழும் ஐந்தும் எவ்வளவு என்றால் 12 தட்டுத் தட்டும். ஊரே கூடி வியந்தது. 1904-ல் பெரிய மனிதர்கள் குழு போட்டு ஆராய்ந்தார்கள். மோசடி எதுவும் இல்லை என்றார்கள்.

பிறகு ஆஸ்கர் புங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் மர்மத்தைக் கண்டுபிடித்தார். விடை தெரியாத ஆள் கேள்வி கேட்டால் குதிரைக்கும் விடை தெரியவில்லை! கேட்பவர் முகத்தை அது பார்க்க முடியாதபடி மறைத்தாலும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும், கேட்பவர் தம்மை அறியாமல் தலையை இம்மி அளவு அசைத்தார். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. அவ்வளவுதான்!

குதிரைக்கே அப்படி என்றால் நாய்க்குக் கேட்க வேண்டுமா? மனிதனோடு ஆயிரம் ஆயிரம் வருஷமாக வாழ்ந்து வரும் பிராணி அது. நாம் வாயால் சொல்வதை அது கேட்கும் முன்னால், நம் தோள் சொல்வதைப் பார்த்துவிடும். வீட்டில் பழக்கும்போது "உட்கார்" என்று சொல்லிக்கொண்டே குனிவோம். குனிந்தால் உட்கார வேண்டும் என்று நாய் படித்துக்கொள்ளும். "உட்கார்" என்ற சொல் அதன் காதில் விழுந்தே இராது. போட்டித் திடலில் நிமிர்ந்து நின்று "உட்கார்" என்பார் எஜமானர். நாய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். "வீட்டில் நன்றாகச் செய்ததே!" என்று அவர் அங்கலாய்ப்பார்.

நாய் தப்புச் செய்யவில்லை. அவர் கற்றுக் கொடுத்ததைத்தான் அது கற்றுக்கொண்டது.

இன்னொரு சங்கதி. அடுப்படியில் உட்காரக் கற்ற நாய்க்கு, சந்தைக் கடையில் உட்காரத் தெரியாது. இடம் மாறினால் அதற்குப் பாடமும் மாறிவிடும். அதனால்தான் பட்டம் வாங்குகிற நாய்களை ரயிலடி, பூங்கா, கடைத் தெரு என்று பல இடங்களுக்குக் கூட்டிப் போய்ப் பழக்குகிறார்கள். இது தெரியாத ஆள், "திமிர் பிடித்த நாய்" என்று கையை ஓங்குவார்.

அடியாத மாடு படியாதா?

இங்கேதான் என் வழக்கு இருக்கிறது.

"அடியாத மாடு படியாது" என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்த ஒரு பழமொழியை நம்பி எத்தனை மாடுகள் அடி வாங்கி இருக்கின்றன! எத்தனை நாய்கள், எத்தனை பிள்ளைகள்!

இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்ற அதிகாரி போலீஸ் நாய்களைப் பழக்கினார். 1910-ல் புத்தகம் எழுதினார். கட்டாயப்படுத்துவது அவருடைய முறை. அமெரிக்காவில் வில்லியம் கோலர் என்பவர் 1962-ல் ஒரு புத்தகம் எழுதினார். நாயின் கழுத்தில் இறுகும் சங்கிலி. நாய் தவறினால் வெடுக்கென்று ஒரு சுண்டு. கழுத்து நெரியும். மறு தடவை தவறாது. கோலரின் முறையில் பழகிய நாய்கள் பட்டம் வாங்கியது உண்மை. நான் மறுக்கவில்லை. ஏன், நான் புகழ்ந்த சாண்டர்ஸ் அம்மையாரே சங்கிலியைச் சுண்டிப் பழக்கியவர்தான். அந்தக் காலத்தில் வேறு வழி தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாய் இருந்தது. பெயர் மணி. ஒரு நாள் மாலை, "மணி, வா" என்று கூப்பிட்டேன். வரவில்லை. தெருக்கோடியில் எதையோ முகர்ந்துகொண்டு நின்றது. ஐந்து தடவை, ஆறு தடவை கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசியில் மணி வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. வந்ததும் விளக்குமாற்றால் நாலு வைத்தேன். "இனிமேல் கூப்பிட்டதும் வருவாயா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன்.

மணி என்ன கற்றுக்கொண்டது? கூப்பிட்டால் வர வேண்டும் என்றா? இல்லை. வந்தால் அடி விழும் என்று கற்றுக்கொண்டது! அடி விழுந்தது அது வந்த பிறகு அல்லவா?

அதன் பிறகு மணி எங்கள் வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தது. நான் கூப்பிட்டால் நாலு முழம் தள்ளி நிற்கும். வால் ஆடும். கிட்டே வராது. அம்மா சோற்றுச் சட்டியைத் தட்டி, "மணீ" என்றால் எங்கே இருந்தாலும் பறந்து வரும். அம்மா எந்தப் புத்தகமும் படித்தவள் அல்ல. அவளுக்கு எழுதப் படிக்கவே தெரியாது.

கூப்பிட்டு வந்த நாயை ஒரு நாளும் அடிக்காதே என்பது இன்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லுகிற பாடம். அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

தகரத் தவளை

திருவிழாக் கடையில் தகரத் தவளை விற்பார்களே, நினைவு இருக்கிறதா? அடியில் அழுத்தினால் "டிக் டிக்" என்று சத்தம் போடும். காலணாப் பொம்மை. அந்தப் பொம்மை போன்ற ஒன்றுதான் நாய் பழக்கும் கலையையே மாற்றியது.

ஸ்கின்னர் என்பவர் அமெரிக்காவில் பெயர் பெற்ற மனோதத்துவப் பேராசிரியர். 1951-ல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். நாய் நீங்கள் நினைத்த காரியத்தைச் செய்த அதே நொடியில் "டிக்" என்று ஒரு சத்தம் கொடுங்கள். உடனே ஒரு துண்டு தீனி கொடுங்கள். எதைச் செய்தால் தீனி வருகிறது என்று நாயே கண்டுபிடித்துவிடும் என்று எழுதினார்.

சத்தம் எதற்கு? தீனியை நேராகக் கொடுத்தால் போதாதா?

போதாது. நாய் உட்காருகிறது. நீங்கள் பையில் கை விட்டுத் தீனியை எடுக்கிறீர்கள். அதற்குள் அது எழுந்துவிடுகிறது. தீனி கிடைக்கிறது. எழுந்ததற்குத்தான் கூலி என்று நினைத்துக்கொள்ளும்! சத்தம் நொடி தவறாமல் போய்ச் சேரும். "இப்போது செய்தாயே, இதற்குத்தான்" என்று சொல்லும்.

அந்தக் கட்டுரையை நாய் பழக்குவோர் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவில்லை. சங்கிலியைச் சுண்டிக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு பெண்மணி வர வேண்டி இருந்தது.

காரன் பிரையர் என்ற அம்மையார் 1960-களில் ஹவாய்த் தீவில் டால்பின் மீன்களைப் பழக்கினார். (மீன் என்று நாம் சொன்னாலும் டால்பின் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி.) டால்பின் கழுத்தில் சங்கிலி போட முடியுமா? முடியாது. அதட்டினால் முங்கி அந்தப் பக்கம் போய்விடும். ஆகவே ஊதலும் மீனும்தான் வழி. சரியாகச் செய்தால் ஒரு ஊதல், ஒரு மீன். தவறாகச் செய்தால் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் தண்டனை. அந்த வழியிலேயே டால்பின்கள் அற்புதமான வித்தைகளைக் கற்றன.

1984-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். 1990-களில் நாய் பழக்குவோர் கையில் எல்லாம் "டிக் டிக்" வந்துவிட்டது.

லஞ்சமா, கூலியா?

"தீனி காட்டி வேலை வாங்குவது லஞ்சம் அல்லவா?" என்று பழைய ஆட்கள் கேட்கிறார்கள். "எஜமான விசுவாசத்துக்காகச் செய்ய வேண்டாமா?"

வேலைக்கு முன்னால் காட்டினால் லஞ்சம். வேலை முடிந்த பின்னால் கொடுத்தால் கூலி. இதைக் கேட்கிற பெரியவர்கள் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குவது இல்லையா? விசுவாசத்துக்கு வேலை செய்துவிட்டுச் சும்மா வீட்டுக்குப் போகிறார்களா?

"போட்டித் திடலுக்குள் தீனி கூடாதே! அங்கே நாய் என்ன செய்யும்?" என்றும் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. உண்மையில் பல நாய்கள் இங்கேதான் தோற்கின்றன. கயிறு கட்டிய திடலுக்குள் வந்தால் தீனியும் இல்லை, தண்டனையும் இல்லை என்று சில நாய்கள் கண்டுபிடித்துவிடும். பிறகு தம் இஷ்டம்தான்!

அதற்கும் வழி உண்டு. முதலில் ஒவ்வொரு தடவையும் தீனி. பிறகு இரண்டு தடவைக்கு ஒன்று. பிறகு ஐந்துக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி. எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் வரும். நாய் நம்பிக்கையோடு வேலை செய்யும். வீட்டில் மாதக் கணக்கில் சேர்த்து வைத்த நம்பிக்கையைத்தான் அந்த ஆறேழு நிமிஷத்தில் செலவழிக்கிறார்கள். சேர்த்து வைக்காதவனுக்குச் செலவழிக்க என்ன இருக்கும்?

2020-ல் போர்ச்சுகல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 92 நாய்களைச் சோதித்தார்கள். சில நாய்கள் தீனி கொடுத்துப் பழக்கும் பள்ளிகளில் படித்தவை. சில நாய்கள் சங்கிலியைச் சுண்டி, அதட்டிப் பழக்கும் பள்ளிகளில் படித்தவை. பயிற்சிக்குப் பிறகு எச்சிலை எடுத்துப் பார்த்தார்கள். கடுமையாகப் பழக்கிய நாய்களின் எச்சிலில், கலக்கம் வந்தால் ஊறும் ஒரு சுரப்பு நீர் கூடி இருந்தது. பயிற்சி நடக்கும்போது கொட்டாவி விடுவதும் உதட்டை நக்குவதுமாக இருந்தன. கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நாம் நினைக்கிறோம். நாய்க்கு அது பயத்தின் அடையாளமாகவும் இருக்கும்.

பட்டாளத்து நடை கூடாது

என் சிரிப்பை நிறுத்திய விதி இதுதான்.

இந்தப் பரீட்சையின் விதிப் புத்தகத்தில் நடுவர்களுக்கு ஒரு கட்டளை இருக்கிறது. நாய் துல்லியமாகச் செய்தால் மட்டும் போதாது. விருப்பத்தோடு செய்ய வேண்டும். மகிழ்ச்சியோடு செய்ய வேண்டும். விருப்பமும் மகிழ்ச்சியும் இல்லை என்றால் மார்க் குறைக்க வேண்டும். எஜமானர் முரட்டுத்தனமாக நடந்தால் குறைக்க வேண்டும். பட்டாளத்துச் சிப்பாய் போல விறைப்பாக நடந்தால் குறைக்க வேண்டும். அதிகாரமாகக் கத்தினால் குறைக்க வேண்டும்!

எவ்வளவு பெரிய விதி! நம் பள்ளிக்கூடத்துப் பரீட்சையில்கூட, பையன் மகிழ்ச்சியோடு எழுதினானா என்று யாரும் பார்ப்பது இல்லை.

ஆனால் ஏட்டில் உள்ள விதி வேறு. நாட்டில் நடப்பது வேறு. கோணலாக உட்கார்ந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். நாயின் மனம் கோணி இருப்பதைக் கண்டுபிடிப்பது சுலபமா? சங்கிலிக்குப் பயந்த நாயும் நேராகத்தான் உட்காரும். காதை மடித்து, வாலை ஒடுக்கி, நேராக உட்காரும். அதற்கு முழு மார்க் போட்டு அனுப்பிய நடுவர்கள் அன்று இல்லை என்று சொல்ல முடியுமா?

நான் நடுவராக இருந்தால் முதலில் வாலைப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் மற்றதைப் பார்ப்பேன். பயந்து வாங்கிய பட்டம் என் கணக்கில் பட்டம் அல்ல. கோலர் ஆட்கள் என்னோடு சண்டைக்கு வரட்டும்!

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. இந்தப் பரீட்சை 1936-ல் தொடங்கியது. ஆனால் கலப்பு நாய்களை அந்தச் சங்கம் 2010 வரை இதில் சேர்க்கவில்லை. கலப்பு இல்லாத சாதி நாய்தான் வரலாம். சொன்ன சொல் கேட்பதற்குச் சாதி எதற்கு? கேலி பேசியவர்களுக்குப் பதில் சொல்லப் பிறந்த பரீட்சை இது. அதுவே வாசலில் நின்று 74 ஆண்டுகள் சாதி கேட்டது! இப்போது கலப்பு நாய்களும் வருகின்றன. தேறுகின்றன. ஓடி வருவதற்கும் முகர்வதற்கும் எந்தச் சாதியானால் என்ன?

169½

ஒரே ஒரு காட்சியை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

170 வாங்கினால் தேர்வு. 169½ வாங்கினால் இல்லை. அரை மார்க்கில் போய்விடும். ஐந்து மாதம், ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து பழக்கி இருப்பார். நூறு மைல் கார் ஓட்டி வந்து இருப்பார். பணம் கட்டி இருப்பார். கடைசிப் பாடத்தில் நாய் ஒரு கணம் வேறு பக்கம் திரும்பி இருக்கும். போச்சு!

நடுவர் மார்க்கைச் சொல்லிவிட்டார். எஜமானர் நாயோடு திடலை விட்டு வெளியே வருகிறார். அங்கே இருந்து கார் நிற்கும் இடம்வரை ஐம்பது அறுபது அடி இருக்கும். அங்கே மார்க் போட நடுவர் இல்லை. கூட்டமும் அவரைப் பார்க்கவில்லை. வார் அவர் கையில் இருக்கிறது.

சிலர் அந்த ஐம்பது அடியில் வாரை ஒரு சுண்டு சுண்டுவார்கள். சிலர் நாயைப் பார்க்காமலே நடப்பார்கள்.

நாய்க்கு 170 தெரியாது. 169½-ம் தெரியாது. பாடம் முடிந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். அது வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் ஓடி வருகிறது. வெளியே நாற்காலியில் வைத்துவிட்டுப் போன பையையே பார்க்கிறது. பிஸ்கோத்து அதில்தான் இருக்கிறது.